மயிலிட்டிக்காரிக்குப் புரதம் படிப்பிக்கிறார்கள்



இந்த முறை வாடகைக்காரர் போராட்டம் பற்றி எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்கு. இடையில் எங்கட வீட்டில் ஒன்று நடந்துவிட்டது. அதைக் கதைக்காமல் வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

பெப்ரவரியில் என் அம்மம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தா. இடுப்பெலும்பு முறிவு. வயது 79, நிறை 43 கிலோ. சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் உணவு ஆலோசகர் ஒருவர் வந்தார். இளம் பெண், அன்பானவர், அவசரத்தில் இருந்தார். அம்மம்மாவின் தோளையும் தொடையையும் தொட்டுப் பார்த்தார். கையின் பிடிவலுவை ஒரு கருவியால் அளந்தார். ஆறு மாதத்தில் எவ்வளவு நிறை குறைந்தது என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: கடுமையான ஊட்டக்குறைவு, அதிலும் முக்கியமாகப் புரதம். தசை கரைந்துவிட்டது, அதனால்தான் கால் தாங்கவில்லை, காயமும் ஆறச் சுணங்கும், கிருமித்தொற்று வந்தால் உடம்பு எதிர்த்து நிற்காது. போகும்போது தமிழில் ஒரு மடிப்புத்தாள் தந்துவிட்டுப் போனார். முதியவர்களுக்குப் புரதம் ஏன் தேவை என்று.

அந்தத் தமிழ் என்னுடையது.

நான் பொதுச்சுகாதாரத்தில் முதுகலை செய்கிறேன். அதற்கு முன் ஒரு கோடை முழுக்க மணித்தியாலக் கூலிக்கு இப்படியான தாள்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கினேன். ஸ்காபரோவில் பிறந்து சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த ஒருத்திக்கு அது பெருமையான வேலை. அம்மாவுக்குக்கூடக் காட்டினேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கும். தட்டில் காற்பங்கு புரதம் இருக்கட்டும் என்று சொல்லும். சால்மன் மீன், கிரேக்கத் தயிர், பாதாம் என்று படம் போட்டிருக்கும். வெள்ளைச் சோற்றைக் குறையுங்கள் என்று முடியும்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுக்க வாசித்தா. வாசித்துவிட்டுக் கேட்டா: "இது ஆர் பிள்ளை எழுதினது? மீன் சாப்பிடோணும் எண்டு எங்களுக்கே சொல்லுறாங்கள்."

நான்தான் என்று சொல்லவில்லை.

அம்மம்மா மயிலிட்டிக்காரி. தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: மயிலிட்டி யாழ்ப்பாணத்தின் வடகரையில், வலிகாமம் வடக்கில் இருக்கிற மீன்பிடித் துறைமுகம். அம்மப்பா கடலுக்குப் போவார். வந்த மீனைத் தரம் பிரித்து விற்பதும், மிஞ்சியதை உப்புப் போட்டுக் கருவாடாக்குவதும் அம்மம்மாவின் பக்கம். எந்த மீன் பிள்ளை பெற்றவளுக்கு, எது காய்ச்சல்காரருக்கு, எதை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அவவுக்குக் கைப்பாடம். திருக்கைக்கும் சுறாவுக்கும் அவவிடம் தனித்தனிப் பக்குவம் உண்டு. 1990இல் யுத்தம் மறுபடி மூண்டபோது அந்தக் கரையோரச் சனம் முழுக்க வெளியேற்றப்பட்டது. ஊர் உயர்பாதுகாப்பு வலயமாகி இராணுவத்திடம் போனது. கடல் வலயச் சட்டம், எரிபொருள் தடை, கடற்படையின் சூடு என்று தொண்ணூறுகளில் வடக்கின் மீன்பிடி கழுத்து நெரிபட்டது. கரையோடு நின்று வலை எறிகிற அளவுக்குத் தொழில் சுருங்கியது. அம்மம்மா முகாமிலே வரிசையில் நின்று நிவாரண அரிசியும் பருப்பும் வாங்கினா. யாழ்ப்பாணத்துச் சனத்தின் புரதம் கடலில்தான் இருந்தது. அந்தக் கடலைப் பூட்டியவர்கள் யாருக்கும் எந்த மடிப்புத்தாளும் போகவில்லை.

மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கையளிக்கப்பட்டது 2017 யூலையில். இருபத்தேழு வருடம். அதே வருடம்தான் மாமா ஸ்பொன்சர் பண்ணி அம்மம்மா ரொறன்ரோ வந்து இறங்கினா.

இனி ரொறன்ரோச் சாப்பாட்டுக்கு வருவோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மம்மா ஒரு நாளைக்கு என்ன சாப்பிட்டவ என்று மாமியிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். காலையில் பால்தேத்தண்ணியும் இரண்டு ரஸ்க்கும். மத்தியானம் ஒரு கோப்பைச் சோறு, அரை அகப்பைப் பருப்பு, ஒரு மரக்கறி. பின்னேரம் இன்னொரு தேத்தண்ணி. இரவு இரண்டு துண்டுப் பாண், இல்லாவிட்டால் மிச்ச இடியப்பமும் சொதியும். ஒரு கப் சோற்றில் புரதம் ஏறக்குறைய 4 கிராம், அரைக் கப் அவித்த பருப்பில் 8 அல்லது 9, ஒரு முட்டையில் 6, ஒரு கிளாஸ் பாலில் 8. கூட்டிப் பார்த்தால் அம்மம்மாவின் நாள் 25 கிராமைத் தாண்டவில்லை. சாதாரண வயதுவந்தவருக்கு நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம் என்பது கணக்கு. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 வரை வேண்டும் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன, ஏனென்றால் வயதான உடம்பு அதே புரதத்திலிருந்து குறைந்த தசையைத்தான் கட்டும். அம்மம்மாவுக்கு அது நாளுக்கு 43 முதல் 52 கிராம். பாதிதான் கிடைத்திருக்கிறது. ஒரு நாள், ஒரு கிழமை இல்லை. வருடக்கணக்காக.

ஆனால் சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் மீன் வாங்குகிறார்களே? வாங்குகிறார்கள். மாமா ஏஜென்சி ஒன்றின் மூலம் வெயார்ஹவுஸில் இரவு வேலை. மாமி ஒபிஸ் கட்டிடங்களைத் துப்பரவாக்கும் வேலை. இரண்டு பொடியள் பள்ளிக்கூடம். பேஸ்மென்ற் வாடகை போக மிஞ்சுகிற காசில் விளைமீன் இரண்டு வாங்கினால் துண்டு எண்ணித்தான் போடமுடியும். இரவு முழுக்கப் பெட்டி தூக்கிய மாமாவுக்கு இரண்டு, வளர்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று, மாமிக்குத் தலை. அம்மம்மாவிடம் நீட்டினால் ஒரே பதில்: "எனக்கு மீன் அலுத்துப்போச்சு பிள்ளை."

மயிலிட்டிக்காரிக்கு மீன் அலுத்ததாம். எட்டு வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் அதை நம்பியிருக்கிறோம். நானும்தான். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அம்மம்மாவின் புரதக் குறைபாட்டுக்கு அறிவுக் குறைபாடு காரணமில்லை. அந்தத் தாளில் இருந்த எந்த வரியும் அவவுக்குப் புதிது இல்லை. அவவிடம் இல்லாதது காசு. அந்தக் காசு ஏன் இல்லை என்பது கனடாவின் சட்டத்தில் அச்சடித்து இருக்கிறது.

முதியோர் பென்சன் எடுக்கவேண்டுமென்றால் பதினெட்டு வயதுக்குப் பிறகு குறைந்தது 10 வருடம் கனடாவில் வாழ்ந்திருக்கவேண்டும். வறிய முதியவர்களுக்கு அதோடு சேர்த்துக் கிடைக்கிற மேலதிகக் கொடுப்பனவும் அந்தப் பென்சனோடு கட்டப்பட்டது. ஆக 71 வயதில் வந்த அம்மம்மாவுக்கு 2027 வரை ஒரு சதமும் இல்லை. அதுவரை மாநில அரசின் உதவிப்பணம் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்தால் அது ஸ்பொன்சர் பண்ணினவரின் கடன். பெற்றோர், பேரப்பெற்றோரை ஸ்பொன்சர் பண்ணுகிறவர் முன்பு 10 வருடத்துக்குப் பொறுப்பெடுத்தால் போதும். 2014இல் கன்சர்வேட்டிவ் அரசு அதை 20 வருடமாக்கியது. பிறகு வந்த லிபரல்கள் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதாவது மாமாவின் பொறுப்பு 2037இல் முடியும், அப்போது அம்மம்மாவுக்கு 91 வயது. சூப்பர் விசாவில் வருகிறவர்களின் நிலை இதைவிட மோசம், மருத்துவக் காப்புறுதிகூடச் சொந்தக் காசு. ஒரு மூதாட்டி தன் மகனுக்குச் சுமையாகக்கூடாது என்று மீனை மறுப்பதற்குப் பின்னால் தாய்ப்பாசம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒரு குடிவரவுக் கொள்கையும் இருக்கிறது.

பேரப்பிள்ளைகளைப் பார்த்து, சமைத்து, உடுப்புத் தோய்த்து, மாமாவும் மாமியும் இரண்டு வேலைக்குப் போகிற மாதிரி வீட்டை ஓட்டியது அம்மம்மா. அந்த உழைப்பு இந்த நாட்டின் பொருளாதாரத்துக்குள் இலவசமாகப் போகிறது. பதிலுக்கு வந்தது ஒரு மடிப்புத்தாள்.

காசு கொடுத்தால் என்ன நடக்கும் என்பது ஊகமும் இல்லை. உணவுப் பாதுகாப்பின்மையை நீண்டகாலமாக ஆராய்கிற ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் 'புரூஃப்' குழுவினர் திரும்பத் திரும்பக் காட்டுகிற ஒன்று: தனியாக வாழும் வறியவர்களில், 65 வயதாகிப் பென்சன் கிடைக்கத் தொடங்கியதும் சாப்பாட்டுக்குத் தட்டுப்படுகிறவர்களின் விகிதம் கிட்டத்தட்டப் பாதியாக விழுகிறது. 64 வயதில் தெரியாத எதையும் அவர்கள் 65இல் படித்துவிடவில்லை. மாதம் மாதம் காசு வருகிறது, அவ்வளவுதான். அதே ஒன்ராறியோவில், உதவிப்பணத்தில் வாழ்கிற தனி ஆளுக்கு மாதம் 733 டொலர். 2018இலிருந்து அது ஒரு டொலர்கூட ஏறவில்லை. ரொறன்ரோவில் ஓர் அறை வாடகைக்கே அது காணாது. 2023 ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரையான ஒரு வருடத்தில் இந்த நகரத்து உணவு வங்கிகளுக்கு மக்கள் வந்து போன தடவை 34 இலட்சத்து 90 ஆயிரம். நான் தொண்டுக்கு நின்ற உணவு வங்கியில் முட்டையும் பாலும் டின் மீனும் முதல் அரை மணித்தியாலத்திலேயே முடிந்துவிடும். பாஸ்தா கடைசிவரை இருக்கும். வரிசையின் பின்னால் நிற்கிறவர்களுக்கு எது உணவு வங்கியில் புரதம் என்று நன்றாகவே தெரியும்.

இதை எழுதும்போது கொஞ்சம் வரலாறும் வாசித்தேன், ஏனென்றால் 'புரதக் குறைபாடு' என்ற சொல்லுக்கே ஒரு அரசியல் கதை இருக்கிறது.

1930களில் இன்றைய கானாவில் வேலை செய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் வெளிறி, எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கும் குழந்தைகளைப் பார்த்தார். அங்கத்தைய கா மொழித் தாய்மார் அதற்கு வைத்திருந்த பெயரையே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார்: குவாஷியோர்கோர். அடுத்த பிள்ளை வந்ததும் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைக்கு வரும் வருத்தம் என்பது அதன் பொருள். பால் நின்று வெறும் சோளக்கஞ்சிக்குப் போகிற பிள்ளை. அதே வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில், தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின்பாலை விற்கிற கம்பனிகளைப் பற்றிப் பேசியபோது அதைக் கொலை என்றே சொன்னார். அந்தப் பேச்சை மறந்துவிட்டு வருத்தத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது உலகம். ஐம்பது, அறுபதுகளில் ஐ.நா. அமைப்புகள் மூன்றாம் உலகத்துக்கு இருப்பது 'புரத இடைவெளி' என்று முடிவுகட்டி, மீன்மா, பால்மா என்று மாக்களைத் தேடி ஓடின.

சேலத்தில் பிறந்து ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை நடத்திய சி. கோபாலன் அதை மறித்துப் பேசியவர்களில் ஒருவர். தானியம் சாப்பிடுகிற ஏழைப் பிள்ளைக்கு முதல் பற்றாக்குறை வயிறு நிறையாத சோறுதான், மொத்தச் சாப்பாடு காணாதபோது உள்ள புரதத்தையும் உடம்பு விறகாக எரித்துவிடும் என்பது அவருடைய பக்கம். 1974இல் டொனால்ட் மக்லாரன் 'லான்செட்' இதழில் அந்தப் புரத ஓட்டம் முழுவதையும் பெருந்தோல்வி என்று எழுதினார். பசியைப் பசி என்று சொன்னால் நிலம், கூலி, விலை எல்லாம் கதைக்கவேண்டி வரும். புரதக் குறைபாடு என்றால் ஒரு பொட்டலம் விற்றால் போதும்.

கனடாவின் கதை இன்னும் கறுப்பு. இன்று நாங்கள் 'உணவு வழிகாட்டி' என்று சுவரில் ஒட்டுகிற படம் 1942இல் உணவு விதிகள் என்ற பெயரில் தொடங்கியது. அதன் முக்கிய கர்த்தா லயனல் பெற். அதே 1942இல், மனிற்றோபாவின் வடக்கில் நோர்வே ஹவுஸ் கிறீ மக்களிடம் பட்டினி தெளிவாகத் தெரிந்தபோது, அரசின் ஆய்வாளர்கள் சிலருக்கு மட்டும் விற்றமின் குளிசை கொடுத்து மற்றவர்களைக் கொடுக்காமல் விட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதில் ஈடுபட்ட ஃபிரெடெரிக் டிஸ்டால் எங்கட ரொறன்ரோவின் சிறுவர் மருத்துவமனை வைத்தியர், 'பப்ளம்' குழந்தை உணவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். 1948இலிருந்து 1952வரை பெற் அதே மாதிரியை ஆறு வதிவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ ஆயிரம் பூர்வகுடிப் பிள்ளைகள். அவர்களுக்குச் சாப்பாடு காணாது என்று தெரிந்தும், ஒப்பீடு கெட்டுவிடும் என்று சாப்பாட்டைக் கூட்டவில்லை. இயன் மோஸ்பி என்ற வரலாற்றாளர் 2013இல் இதை ஆவணங்களோடு வெளியிட்ட பிறகுதான் நாடு பேசியது. என் வகுப்பில் உணவு வழிகாட்டி பற்றி இரண்டு விரிவுரை நடந்தது. இது ஒரு வசனமாகக்கூட வரவில்லை.

எங்களுக்கும் இது தெரிந்த கதைதானே. 2009இல் வன்னிக்குள் இருப்பது 70 ஆயிரம் பேர்தான் என்று இலங்கை அரசு சொன்னது, அந்தக் கணக்குக்குத்தான் சாப்பாடு அனுப்பியது. முடிவில் முள்வேலி முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்கள் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். மே மாதம் ரொறன்ரோவில் நாங்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்த எண்ணின் சமையல்: அரிசி, தண்ணீர், உப்பு. பால்மா இல்லாத தாய்மாரின் கஞ்சி. 2025 ஓகஸ்ட் 22இல் காசா நகரப் பகுதியில் பஞ்சம் என்று உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டபோது, மருத்துவர்கள் காட்டிய குழந்தைகளின் விலா எலும்பைப் பார்த்து எங்கட வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அம்மம்மா தொலைக்காட்சியை நிப்பாட்டச் சொன்னா.

இரண்டையும் ஒன்றென்று சொல்லவரவில்லை. முற்றுகைக்குள் குண்டோடு வருகிற பட்டினியும், ஸ்காபரோ பேஸ்மென்றில் சத்தமில்லாமல் வருகிற தசைக்கரைவும் ஒரே அளவு இல்லை. ஆனால் இரண்டிலும் யார் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ஒரு அலுவலகத்தில் இருக்கிற யாரோ ஒரு எண்ணால் முடிவுசெய்கிறார்கள். கஞ்சி வரிசையில் கண்ணீரோடு நிற்கிற எங்கட சங்கத் தலைவர்கள், அந்த 20 வருடப் பொறுப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு அறிக்கை விட்டு நான் பார்த்ததில்லை. தட்டு ஒன்று 150 டொலர் இராப்போசன விருந்துக்கு அமைச்சர்மாரைக் கூப்பிடும்போதாவது கேட்கலாம்.

மலையகத்தையும் இங்கே சொல்லவேண்டும், ஏனென்றால் 'எங்கட சனம்' என்று சொல்லும்போது வசதியாக விட்டுவிடுகிறோம். 2016ஆம் ஆண்டு இலங்கையின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32. உயரக்குறைவுக்குப் புரதம் மட்டும் காரணமில்லை, சுத்தமான தண்ணியும் கழிப்பறையும் தாயின் உடல்நிலையும் சேர்ந்தது அது. ஆனால் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவரின் நாட்கூலி எவ்வளவு என்று கேட்காமல் அந்த 32ஐ விளக்கமுடியாது.

சரி, அரசு செய்யமுடியாத காரியமா இது? தமிழ்நாட்டைப் பாருங்கள். 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 1989இல் கருணாநிதி அரசு இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று சேர்த்தது, 2010இல் அது பள்ளி நாளுக்கு ஒரு முட்டை ஆனது. திராவிடக் கட்சிகளோடு எங்களுக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம். அந்த முட்டையில் மட்டும் சண்டை இல்லை. அதே இந்தியாவில் 2015இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்க விடமாட்டேன் என்றார். முட்டைக்குள் சாதி இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் 'மீன் மணக்கிற ஆக்கள்' என்று அம்மம்மாவின் காதுபடச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே கடல் மீனின் ஒமேகா கொழுப்பு பற்றி வாட்ஸ்அப்பில் வகுப்பெடுக்கிறார்கள், அது வேறு கதை. ஜி-7 நாடான கனடாவோ தேசியப் பள்ளி உணவுத் திட்டம் என்று ஒன்றை அறிவிக்க 2024 வரை எடுத்தது: ஐந்து வருடத்துக்கு 100 கோடி டொலர், முழு நாட்டுக்கும். முட்டை வாங்கக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கட பொடியளுக்கு ஒரு வார்த்தை. ஜிம்முக்குப் போகிற நண்பர்கள் வாளி வாளியாக மோர்ப்புரத மா வாங்குகிறார்கள். தானியத்துக்கும் சிப்ஸுக்கும் தண்ணிப் போத்தலுக்கும்கூட இப்போது 'புரோட்டின்' என்று லேபல் ஒட்டி இரண்டு மடங்கு விலை. தேவைக்கு மேல் சாப்பிடுகிறவனுக்கு இன்னும் விற்கிறது சந்தை, தேவையில் பாதி கிடைக்கிறவளுக்கு மடிப்புத்தாள் கொடுக்கிறது. சோறு தின்கிற சனம், அதுதான் இப்படி என்று தமிழ் வானொலியில் வந்து பேசுகிற நிபுணர்களுக்கும் சொல்கிறேன்: அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிற மெதியோனின் அரிசியில் இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிடக் கண்டுபிடித்தவர்கள் எங்கட கிழவிகள். பிழை சோற்றில் இல்லை, அரை அகப்பைப் பருப்பில் இருக்கிறது.

வீட்டில் முதியவர்கள் இருக்கிற தோழர்களுக்கு, நான் இந்த மாதங்களில் படித்ததைச் சொல்லிவிடுகிறேன். உடுப்பு தொளதொளவென்று ஆகிறதா, கதிரையிலிருந்து எழும்பக் கை ஊன்றவேண்டி இருக்கிறதா, கணுக்கால் வீங்குகிறதா, புண் ஆறச் சுணங்குகிறதா என்று பாருங்கள். கால் வீக்கத்துக்கு இதயமும் சிறுநீரகமும் காரணமாகலாம், எனவே வைத்தியரிடம் காட்டாமல் முடிவெடுக்கவேண்டாம். இரத்தத்தில் அல்புமின் அளவு ஒன்றை மட்டும் வைத்து ஊட்டக்குறைவு என்றோ இல்லையென்றோ சொல்லமுடியாது, தொற்றும் அழற்சியும்கூட அதை இறக்கும். நீரிழிவோடு சிறுநீரகமும் பழுதானவர்களுக்கு நீங்களாகவே புரதத்தைக் கூட்டாதீர்கள், எங்கட ஆக்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. மற்றவர்களுக்கு: ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் கொஞ்சம் புரதம், ஒரேயடியாக இரவில் வேண்டாம். முட்டை, தயிர், டின் மீன், நெத்தலி, சோயா மீற், பயறு, கச்சான், கட்டிப் பருப்பு. சோற்றைக் குறைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் புரதமும் எரிந்துபோகும். கூடவே கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி இருப்பது மாதிரிச் சின்னப் பயிற்சி, அசையாத தசை எதைத் தின்றாலும் கட்டாது. பல்லுக்கட்டு சரியில்லை என்றால் அதுவும் ஒரு காரணம். தனியாக இருந்து சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் அதுவும். கடும் பட்டினியிலிருந்து மீள்கிற பிள்ளைகளுக்கு மட்டும் விதி வேறு: அவர்களுக்கு முதல் நாட்களில் புரதம் குறைந்த பாலைத்தான் மருத்துவமனையில் சிறுகச் சிறுகக் கொடுப்பார்கள், எடுத்த எடுப்பில் கொட்டினால் ஈரல் தாங்காது, உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் செய்யலாம். செய்வதற்குக் காசு வேண்டும் என்ற வரியை அந்தத் தாளில் எழுத எனக்கு அனுமதி இருக்கவில்லை, இங்கே இருக்கிறது. பென்சனுக்கான 10 வருட விதி போகவேண்டும். 20 வருடப் பொறுப்பு போகவேண்டும். 733 என்ற எண் இரட்டிப்பாகவேண்டும், அதுகூடக் காணாது. மாமாவின் ஏஜென்சி எடுக்கிற பங்கு மாமாவின் கூலிக்குள் வரவேண்டும். எங்கட ஆக்களின் கடைகளில் கையில் காசாகக் குறைந்த கூலி கொடுக்கிற பழக்கத்தையும் இந்த வரிசையில்தான் வைக்கிறேன், மாமா முதல் ஐந்து வருடம் அப்படித்தான் வேலை செய்தவர். உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள், உங்கள் பெற்றோரை ஸ்பொன்சர் பண்ணிய கதையோடு எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சிரமமென்றால் எனக்கு அனுப்புங்கள், மொழிபெயர்த்துத் தருகிறேன். அந்த வேலை எனக்குப் பழக்கம்.

வீட்டுக்குள் இருக்கிற அரசியலும் லேசில்லை. போன சனிக்கிழமை மாமி கும்பளா மீன் குழம்பு வைத்தா. இப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடுவதென்று தீர்மானம், யாரும் கடைசியில் சாப்பிடக்கூடாது, பரிமாறுவது நான். அம்மம்மாவின் கோப்பையில் இரண்டு துண்டு போட்டேன். "இஞ்சத்தைய மீனில ருசி இல்லை" என்று சொல்லிக்கொண்டே முள்ளை எடுத்தா. பேசாமல் சாப்பிடுங்கோ அம்மம்மா என்றேன். தண்ணி எடுத்துவரத் திரும்பினேன், அவ்வளவுதான். ஒரு துண்டு சின்னவனின் கோப்பைக்குப் போயிருந்தது. அவனும் அதைப் பாதி சாப்பிட்டிருந்தான்.